ரேன்சம்வேர்: தோல் கம்பெனிகள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் வட்டாரத்தில் ஒரு நடுத்தர டேனரியின் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கவுண்டன்ட் மேசைக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர். டேலி கணக்கு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் நகல், வெளிநாட்டு பையர் அனுப்பிய ஷூ டிசைன் எல்லாம் அதில்தான். மற்ற கம்ப்யூட்டர்களும் அதன் ஃபோல்டரைத்தான் திறக்கின்றன. ரேன்சம்வேர் உள்ளே வந்தால் அந்த ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும்.

"நம்மகிட்ட யார் வரப்போறாங்க?" என்று முதலாளிகள் கேட்பதுண்டு. வருகிறவர்கள் பெயர்ப் பலகை பார்த்து வருவதில்லை. இணையத்தில் பாதுகாப்பில்லாமல் கிடக்கும் கம்ப்யூட்டர்களைப் புரோகிராம்கள் இரவும் பகலும் தேடுகின்றன. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத் துறைக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியவர்கள் கேட்டது 1,950 டாலர். சின்னக் கம்பெனியும் புரட்டிவிடக்கூடிய தொகை.

தாக்கிய அன்று செய்ய வேண்டியவை

• முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பாதித்த கம்ப்யூட்டரை மட்டுமல்ல, எல்லாவற்றையும். கேபிளைக் கழற்ற வழியில்லை என்றால் மட்டும் பவரை நிறுத்துங்கள். மெமரியில் இருக்கும் தடயம் அதோடு போய்விடும்.

• மிரட்டல் செய்தியைச் செல்போனில் படம் பிடியுங்கள். பூட்டப்பட்ட ஃபைல்கள் சிலவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் பல வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறப்பான்கள் உண்டு. இன்று இல்லாதது பின்னால் வரலாம்.

• மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவியுங்கள். 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவு இது. சிறு, குறு நிறுவனங்களுக்கும் அதே ஆண்டு செப்டம்பர் 25 முதல் பொருந்தும். மாவட்ட சைபர் கிரைம் போலீஸிலும் புகார் கொடுங்கள்.

• வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மெயில், பேங்க், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பையரிடம் நீங்களே போனில் சொல்லிவிடுங்கள். இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன் ஃபைல்களைத் திருடிக்கொண்டும் போகிறார்கள். உங்கள் பெயரில் "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று ஒரு மெயில் பையருக்குப் போனால், சரக்குக்கான பணமும் போய்விடும்.

தாக்கிய அன்று செய்யக்கூடாதவை

• பேக்கப் ஹார்ட் டிஸ்கை எடுத்து வந்து அதே கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். பதற்றத்தில் முதலில் செய்யத் தோன்றுவது இதுதான். செருகிய டிஸ்கும் பூட்டிக்கொள்ளும்.

• தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டு உடனே ஃபார்மேட் போடச் சொல்லாதீர்கள். எந்த வழியாக வந்தார்கள் என்று தெரியாமல் புதிதாக விண்டோஸ் போட்டால், அதே வழியில் திரும்ப வருவார்கள்.

• பணம் கட்டினால் தீர்ந்தது என்று நம்பாதீர்கள். அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்ற எண்ணெய்க் குழாய் நிறுவனம் 2021-ல் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது. கைக்கு வந்த திறப்பான் அவ்வளவு மெதுவாக ஓடியதால், சொந்த பேக்கப்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 2017 ஜூனில் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு டெர்மினலை முடக்கிய நாட்பெட்யா என்ற வைரஸோ, பணம் கட்டினாலும் ஃபைல் திரும்பாத வகை.

இப்போதே செய்ய வேண்டியவை

• பேக்கப். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவைக் காகிதத்தில் செய்தார்கள். கடைசியில் கைகொடுத்தது, தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர்; அதிலிருந்து எடுத்து நிமிர்வதற்கே இரண்டு வாரம் ஆனது. ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி நகலெடுத்துக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை, நெட்வொர்க்கில் இல்லாத கம்ப்யூட்டரில் அதைத் திறந்து டேலி ஓடுகிறதா என்று பாருங்கள். திறந்தே பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்லமாட்டேன். ஜிஎஸ்டி சட்டப்படி, வருடாந்திர ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

• விண்டோஸ் அப்டேட்டைப் போடுங்கள். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை என்ற ரேன்சம்வேருக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது.

• கணக்கு, கேமரா, மெஷின் கட்டுப்பாடு மூன்றையும் தனித்தனி நெட்வொர்க்கில் வையுங்கள். எய்ம்ஸ் தாக்குதலுக்கு, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

இன்றோடு நிறுத்த வேண்டியவை

• ஆடிட்டர் வீட்டிலிருந்து பார்க்கட்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைப்பது.

• கிராக் சாஃப்ட்வேர்.

• எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட், அதுவும் கம்பெனி பெயரும் 123-ம். பிரிட்டனில் 158 ஆண்டு ஓடிய கே.என்.பி. என்ற லாரி நிறுவனம் 2023-ல் மூடப்பட்டது. ஊழியர் ஒருவரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்ததாகத்தான் கருதப்படுகிறது. சுமார் 700 பேருக்கு வேலை போனது.

• ஓடிவந்து சொல்லும் பையனைத் திட்டுவது. தவறான மெயிலைத் திறந்துவிட்டேன் என்று உடனே சொல்கிறவரால்தான் மீதிக் கம்ப்யூட்டர்கள் தப்பும்.

சைபர் கிரைம் உதவி எண் 1930. செர்ட்-இன் எண் 1800-11-4949. இரண்டையும் கம்ப்யூட்டரில் சேமிக்காமல், பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.