கண்ணாடி முட்டி நிற்கும் நொடி

பவர் விண்டோ வேலை பழகும் தம்பிகளுக்கு ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் சொல்லிவைப்பது

கைப்பிடி சுற்றும் கண்ணாடியோடு வந்த பழைய ஆல்டோ, 800, ஆம்னி மாதிரி வண்டிதான் முதலில் உங்கள் கைக்கு வரும். ஓனர் கடையில் கிட் வாங்கி, டப்பாவோடு வந்து நிற்பார். "ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்ல?" என்பார். முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பழகும் வரை முன் கதவு இரண்டுக்கே ஒரு முழுப் பகல் ஆகும்.

1. ஒயரைத் தொடுவதற்கு முன் கண்ணாடியைப் பார். பழைய கைப்பிடியாலேயே மேலும் கீழும் நாலு தடவை சுற்று. எங்கே கை கனக்கிறதோ அங்கேதான் நாளைக்கு மோட்டாரும் திணறும். கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றச் சொல். சும்மா இறுகி இருந்தால் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடி. கிரீஸ் தடவாதே, புழுதி ஒட்டி ஆறு மாதத்தில் சேறாகிவிடும். 'மோட்டார் போச்சு' என்று பட்டறைக்கு வந்த வண்டிகளில் நான் பாதிக்கு மேல் ரப்பரைச் சரிசெய்துதான் அனுப்பியிருக்கிறேன்.

2. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு உட்கார். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் உறை போட்ட ஒயர், மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடு. அங்கே டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கும் விளையாட்டே வேண்டாம்.

3. கரண்டை எங்கிருந்து எடுக்கிறாய் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு 800-க்கு சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்தே இழுத்துவிட்டேன். கண்ணாடி ஜம்மென்று ஏறியது, காசும் வாங்கிவிட்டேன். ஒரு வாரத்தில் ஃபியூஸ் போனது. என் மேதைத்தனம், அதே இடத்தில் இன்னும் பெரிய ஃபியூஸைச் செருகினேன். அப்புறம் ஒரு மழை ராத்திரியில் ஃபியூஸ் போகாமல் நின்றது, ஒயர் உருகியது, கார்ப்பெட் கருகியது. கண்ணாடி இரண்டும் பாதி இறங்கியபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார் ஓனர். அவர் திட்டவில்லை. கருகின ஒயரை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கண்ணாடி சுலபமாக ஓடும்போது மோட்டார் நாலைந்து ஆம்பியர்தான் இழுக்கும். மேலே போய் முட்டி நிற்கும்போதோ, ரப்பரில் சிக்கும்போதோ 15, 20 ஆம்பியர் வரை எகிறும். அந்த ஒரு நொடியைத் தாங்குகிற மாதிரிதான் ஒயர் போட வேண்டும். பேட்டரியிலிருந்து நேராகத் தனி லைன் இழு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஆள் இல்லை. நான் போடுவது: மெயினுக்கு 4 சதுர மி.மீ. ஒயர், 30 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து கதவுக்கு ஒன்றாக 2.5 ஒயர், தனித்தனி 20 ஆம்பியர் ஃபியூஸ். கிட்டோடு வரும் ஒயர் உறை தடித்து, உள்ளே செம்பு மெலிந்து இருக்கும். ஒரு முனையைச் சீவிப் பார்த்துவிட்டு நம்பு.

4. சாவி போடாமல் கண்ணாடி ஓடக் கூடாது. 40 ஆம்பியர் ரிலே ஒன்று வை: 30-இல் பேட்டரி லைன், 87-இல் ஸ்விட்சுக்குப் போகும் லைன், 86-இல் சாவி போட்டால் வரும் கரண்ட், 85-இல் எர்த். பலர் இதை மிச்சம் பிடிக்கிறார்கள். அப்பா கடைக்குப் போயிருக்கும்போது பின்னால் இருக்கும் குழந்தை முன்னால் தாவி, வெளியே தலையை நீட்டி, முழங்காலால் ஸ்விட்சை அழுத்தினால் இந்த மோட்டார் நிற்காது. தடை பட்டால் திரும்பி இறங்கும் வசதி சாதாரண கிட்டில் கிடையாது. அழுத்தினால் ஏறும் ஸ்விட்சைவிட, விரலால் தூக்கினால் ஏறும் ஸ்விட்சை வாங்கச் சொல். முழங்கால் பட்டு ஏறாது.

5. மோட்டாரின் இரண்டு ஒயரில் எது பிளஸ் என்று கேட்காதே. ஒரு பக்கம் கொடுத்தால் ஏறும், மாற்றிக் கொடுத்தால் இறங்கும். ஸ்விட்சைத் தொடாதபோது இரண்டு ஒயருமே எர்த்தில் நிற்கும். இது புரியாதவன்தான் டிரைவர் பக்க ஸ்விட்சையும் அடுத்த சீட் ஸ்விட்சையும் ஒரே மோட்டாருக்கு ஜோடியாக முடிச்சுப் போடுகிறான். ஒருவர் அழுத்தும்போது இன்னொரு ஸ்விட்ச் அதே ஒயரை எர்த்தில் பிடித்திருக்கும். உடனே ஃபியூஸ் போகும். அடுத்த சீட் ஸ்விட்சின் இரண்டு எர்த் முனையையும் வண்டி எர்த்தில் மாட்டாமல், டிரைவர் ஸ்விட்சிலிருந்து வரும் இரண்டு ஒயரில் மாட்டு. அதற்குக் கரண்ட் மட்டும் தனியாகக் கொடு. அப்போது ஒருவர் ஏற்ற, மற்றவர் இறக்க அழுத்தினாலும் கண்ணாடி சும்மா நிற்கும், எதுவும் எரியாது. கிட் ஸ்விட்சில் பின்களின் வரிசை மாறி மாறி வரும். மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டு.

6. ஒயர் அறுவது கதவுக் கீலில். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அங்கே மடங்கும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயராகப் போடு, ரப்பர் குழாய்க்குள் விடு, கதவை முழுக்கத் திறந்தும் இழுபடாத அளவுக்குத் தளர்ச்சி வை. அந்த இடத்தில் ஜாயின்ட் கூடாது. சால்டர் வைத்தாயானால் அதன் ஓரத்திலேயே ஒடியும்.

7. எர்த்தைக் கதவுத் தகட்டில் போடாதே, பாடிக்கு வா. பெயின்ட்டைச் சுரண்டி, லக் வைத்து, போல்ட்டில் முறுக்கு.

8. கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யும்; கீழே ஓட்டை வழியாகப் போய்விடும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து மூலையில் எறிகிற பையனை என் பட்டறையில் வைத்துக்கொண்டதில்லை. அது இல்லாவிட்டால் தண்ணீர் ஸ்விட்சுக்கும் வரும், சீட்டுக்கடியிலும் நிற்கும். திரும்ப ஒட்டு.

9. பேடை மூடுவதற்கு முன், கழற்றிய பேட்டரி மைனஸை மாட்டி, எஞ்சினை ஓட்டாமல், சாவியை மட்டும் போட்டு, இரண்டு கண்ணாடியையும் சேர்த்து ஏற்று. ஏறும்போது பேட்டரியில் 12 வோல்ட் காட்டி, மோட்டார் முனையில் 11-க்குக் கீழே போனால் எங்கோ லக் தளர்ந்திருக்கிறது. தேடிப் பிடி. விளையாட்டாகப் பத்துப் பதினைந்து தடவை ஓட்டாதே. சூடானால் பல மோட்டார்கள் தாமே நின்றுகொள்ளும். ஐந்து நிமிடம் ஆறவிட்டால் திரும்ப ஓடும். இது தெரியாமல் நல்ல மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு முழித்தவர்கள் உண்டு.

10. ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று ஓனரைக் கூப்பிட்டுக் காட்டு. உபரியாக ஒரு 20, ஒரு 30 கொடு. கழற்றிய கைப்பிடியையும், கண்ணாடியை ஏற்றி இறக்கிய பழைய மிஷினையும் கவரில் கட்டி டிக்கியில் வைத்துவிடு. அவற்றை விற்று டீ குடிக்கிற வேலை வேண்டாம், தம்பி. அது அவர் பொருள்.