மூடி வைத்த இன்ஜின் ஏன் ஜாம் ஆனது?

எங்க மாமாவிடம் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர் கார் இருக்கு. மேற்கு வங்காளம் உத்தரபாராவில் இருந்த தொழிற்சாலை 2014-ல் அந்தக் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதனால் இருக்கிற இன்ஜினைத்தான் பிரித்து, லேத்தில் கொடுத்து போர் பண்ணி, புது பிஸ்டன், ரிங் போட்டுக் கட்டணும். மாமாவும் கட்டினார். ஆனால் பாடி வேலை முடியவில்லை. இன்ஜினைச் சாக்குப் போட்டு மூடி, திண்ணையில் சிமெண்டுத் தரைமேல் வைத்துவிட்டார். ஐப்பசி, கார்த்திகை மழை போய், தை மாதம் எடுத்துப் பார்த்தால் சுற்றவே இல்லை. ஹெட்டைக் கழற்றினால், ஒரு சிலிண்டரில் ரிங் நின்ற இடத்தில் செம்மண் கலரில் வட்டம்! அத்தை அடகு வைத்த வளையல் இன்னும் திரும்பவில்லை.

"மழைத்தண்ணி ஒரு சொட்டுகூட படலையேடா, எப்படிடா துருப்பிடிச்சுச்சு?" என்றார் மாமா.

தண்ணீர் போகவில்லை, காற்று போனது. நாலு சிலிண்டர் இன்ஜினை எப்படி நிறுத்தினாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். மழைக்காலத்தில் மதுரைக் காற்றிலும் ஈரம் அதிகம். ராத்திரி குளிர்ந்த இரும்பில் காலையில் அந்த ஈரக்காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது மாதிரி வேர்க்கும். இன்ஜினுக்கு வெளியேதான் பெயிண்ட். உள்ளே புதிதாகத் தேய்த்த போர் வெறும் இரும்பு. இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? வேதியியல் பாடத்தில் படித்ததுதான்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் சில சுற்று சுற்றணுமாம். சாதா ஆயில் நாளாக ஆகக் கீழே வழிந்துவிடும். மாதக்கணக்கில் வைப்பதென்றால் துருத்தடுப்பு ஆயிலே நல்லது. பிறகு பிளக்கை மாட்டி, கார்புரேட்டர் வழி, சைலன்சர் வழி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வைத்து டேப் ஒட்டி அடைக்கணும். துணி திணிக்கக் கூடாது, அதுவே ஈரத்தை இழுக்கும். (உள்ளே மறந்துவிட்டால் அது வேறு கதை!) இன்ஜினைத் தரையில் வைக்காமல் மரக்கட்டைமேல் ஏற்றணும்.

"மாசாமாசம் சுத்தி விட்டா போதாதா?" என்றேன். "வெறுமனே சுத்துனா ரிங்கு இருக்கிற ஆயிலையும் வழிச்சிரும் தம்பி. முதல்ல ஆயில் விட்டுட்டுச் சுத்து" என்றார்.

ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு வைப்பதும் தப்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும்! ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் நன்றாகச் சூடாகாது, அந்த ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும்.

காரில் ஏற்றியதும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. அடைத்ததை எல்லாம் எடுத்து, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் பிளக் மாட்டி ஸ்டார்ட் பண்ணணும்.

மாமா மறுபடி போர் பண்ணிக் கட்டிவிட்டார். பாடி வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் இந்தத் தடவை மரக்கட்டைமேல் இருக்கும் இன்ஜினில் ஓர் அட்டை தொங்குது. ஆயில் விட்ட தேதி எழுதுவது என் வேலை.