மலைக்குப் போகும் மருமகளுக்கு

ஈப்போ

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று இரவு உன் அப்பா முசிறியிலிருந்து கூப்பிட்டார். "அக்கா, மலை கிலையெல்லாம் வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் சொன்னா எடுபடாது" என்றார். எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போய் வா. மலேசியாவுக்கு, கம்பார் வரைக்கும் படிக்க வந்தவள், விடுதி ஜன்னல் வழியாகத் தித்திவங்சா மலைத்தொடரைப் பார்த்துக்கொண்டே படிப்பை முடித்து ஊர் திரும்புவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டம் நடக்காது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து இரவு பத்து மணிக்கு நான்கு பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுவதாம். விடியலைப் பிரிஞ்சாங் உச்சியில் பார்ப்பதாம். அங்கிருந்து அப்படியே ஈராவ் மலைக்கு நடப்பதாம். ஞாயிறு இரவு சிம்பாங் பூலாய் பக்கமாக இறங்கி, திங்கள் காலை எட்டு மணி வகுப்புக்குப் போய் உட்காருவதாம். தூக்கத்துக்கு இதில் எங்கே இடம் இருக்கிறது? கூட வருபவர்களில் இருவர் பையன்கள் என்று சின்ன எழுத்தில் கடைசி வரியில் போட்டிருந்தாய். அதை உன் அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். மறைத்துப் போகிற பயணத்தில் ஏதாவது ஒன்று ஆனால், உதவி கேட்டு வீட்டுக்குப் போன் செய்யவே கை வராது. அதனால்தான் சொன்னேன்.

என்னதான் பயம் என்று உன் அப்பாவைக் கேட்டேன். பையன்கள், பாம்பு, புலி, காடு என்று அந்த வரிசையிலேயே சொன்னார். புலியைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். இந்த நாட்டுக் காடுகளில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்பது அரசாங்கக் கணக்கு. மனிதனைக் கண்டு அதுதான் ஒளிய வேண்டியிருக்கிறது.

பெற்றவர்களின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் வாசலில் நின்றால் கிழக்கே மலை தெரியும். 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலை அந்தப் பக்கம்தான். தீபகற்பத்தில் தாஹானுக்கு அடுத்த உயரம் அதற்குத்தான். தினமும் பார்த்த மலை, எங்கள் லயத்தில் ஒருவர்கூட ஏறியதில்லை. சோம்பல் என்று நினைத்துவிடாதே. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்திலும் அதற்குப் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டொரு நாளில் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. மலைப்பக்கம் கம்யூனிஸ்டுகளின் பக்கம் என்று ஆகிவிட்டது. லயங்களைச் சுற்றி முள்வேலி, அரிசிக்குப் பங்கீடு. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடும் என்று, பால்வெட்டுக்குப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் விட்டார்களாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அவசரகாலம் முடிந்து நாற்பது வருடம் ஆன பிறகும். மலைப்பக்கம் போகாதே என்பது அப்படித்தான் எங்கள் வீடுகளில் ஊறிப்போனது. அந்தப் பயத்துக்கு அன்றைக்குக் காரணம் இருந்தது. அந்த அவசரகாலம் முடிந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பயம் மட்டும் இன்னும் நிற்கிறது.

அம்மாவிடம் இன்னொரு பயம் இருந்தது. அதைத்தான் நீ எடுத்துக்கொள்ள வேண்டும். விடியும் முன்னே பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நெரையில் இறங்கினால், மரத்துக்கு மரம் உளி வைப்பதற்கிடையே மலையைத் திரும்பிப் பார்ப்பார். பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டே இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தால் மங்குக் கோப்பையில் விழுந்த பால் கழுவிக்கொண்டு போகும், கூலியும் கூடவே போகும். அதனால் பத்து மணிக்கு மலை கறுத்தால் சோற்றுச் சட்டியைத் தொடாமல் வாளியைத் தூக்கிவிடுவார். "முதல் சொட்டு விழுந்தப்புறம் ஓடுறவ ஒரு சொட்டுப் பாலும் சேர்க்கமாட்டா" என்பார். இன்று அந்தத் தோட்டத்தில் பால்மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் திட்டம். மழை மட்டும் அன்றைக்குப் போலவே பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வருகிறது.

கேமரன் மலையிலும் அதே கதைதான். காலை வெளுத்திருக்கும், இரண்டு மணிக்குக் கொட்டும். உங்கள் பச்சைமலையில் மழைக்கு ஒதுங்குவது போல இங்கே மரத்தடியில் ஒதுங்கி நிற்கலாம் என்று நினைக்காதே. இங்கே மழையோடு மண்ணும் வரும். உன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைகளின் அடிவாரத்திலேயே போஸ் டிப்பாங் என்ற பூர்வகுடிக் கிராமம் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 29 அன்று மேலே பெய்த மழையில் சேறும் மரக்கட்டைகளுமாக ஆறு இறங்கி 44 உயிர்களைக் கொண்டுபோனது. கம்பாரில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள்? பத்தாங் காலியில் நடந்ததாவது உனக்குத் தெரிந்திருக்கும். 2022 டிசம்பர் 16, விடியும் முன்பு, மலைச்சரிவுக்குக் கீழே கூடாரம் போட்டு உறங்கியவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன குடும்பங்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே, தோழி ஒருத்தி யாரோ ஒருவருடைய காய்கறித் தோட்டத்தில் மலிவாகக் கூடாரம் கிடைக்கும் என்றாளே, அது வேண்டாம். தானா ராத்தாவில் கூரையும் கதவும் உள்ள அறை எடு. பணம் போதாவிட்டால் சொல், நான் தருகிறேன். உன் அப்பாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. இதை மட்டும் மறைத்துக்கொள்ளலாம்.

இனி சாலை. மலையில் நீ உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். போக இரண்டு வழி. தாப்பாவிலிருந்து ஏறுவது பழைய பாதை. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி வளைவு வளைவாக, ஏறத்தாழ 60 கிலோமீட்டர். குறுகல், வயிற்றைப் புரட்டும். சிம்பாங் பூலாய் வழி புதியது, அகலமானது. அகலமாக இருப்பதால்தான் அதை நான் நம்புவதில்லை. பழைய பாதை வேகமாகப் போகவே விடாது. புதியது போகச் சொல்லும். 2010 டிசம்பர் 20 அன்று கேமரன் மலையிலிருந்து அந்த வழியாக இறங்கிய தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகளின் பேருந்து கவிழ்ந்து இருபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதையும்விட நெஞ்சில் நிற்பது 2025 ஜூன் 9. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள், உன் வயதுப் பிள்ளைகள், திரங்கானு ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நம் பேராக்கின் கெரிக் அருகே, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை மலைப்பகுதியில், நள்ளிரவு தாண்டி விபத்து. 15 மாணவர்கள் இறந்தார்கள். நான் ஆசிரியராக இருந்தவள். ஆசிரியராகப் போகிறவர்கள் பதினைந்து பேர் ஒரே இரவில் போனதை அன்று காலைச் செய்தியில் கேட்டுவிட்டுப் பசியாறவே முடியவில்லை. விசாரணை பேருந்தின் வேகத்தைச் சுட்டியது. அதற்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூலை முதல், விரைவுப் பேருந்துகளில் இருக்கைவார் அணியாத பயணிகளுக்கும் அபராதம் என்று ஆனது. அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் வாரைப் போடு.

அதனால் மோட்டார் வேண்டாம், இரவும் வேண்டாம். உன் இந்திய லைசென்ஸ் முசிறியிலிருந்து தொட்டியத்துக்கு ஸ்கூட்டர் ஓட்ட வாங்கியது. மலையில் பனிமூட்டத்துக்குள் எதிரே காய்கறி லாரி வரும்போது அது உதவாது, காப்புறுதி கேட்கும்போதும் உதவாது. சனிக்கிழமை காலை ஈப்போ அமான்ஜெயா நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்குப் பேருந்து பிடி. ஞாயிறு இரவு இறங்குவது என்ற பேச்சே வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடு. மழைக்கும் தப்பலாம், கியா ஃபார்ம் சந்தையில் கார்கள் முட்டி நிற்கும் நெரிசலுக்கும் தப்பலாம். கடப்பிதழின் நகலும் மாணவர் அனுமதியும் பையில் இருக்கட்டும். வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்பது இங்கே சாதாரணம்.

சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று இரவெல்லாம் விழிக்கப் போகிறாயே, ஒன்று தெரிந்துகொள். உங்கள் ஊர் ஆறு மணி விடியல் இங்கே இல்லை. ஏழு மணி வாக்கில்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். தானா ராத்தாவில் நன்றாகத் தூங்கி எழுந்து, ஐந்தரைக்குக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாலே போதும்.

ஈராவ் மலையை இந்த முறை விட்டுவிடு. 2,110 மீட்டர், போக வர நாள் முழுக்கப் போகும். முழங்கால் வரை சேறு, வேர்களைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டும். வனத்துறை அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும். கைத்தொலைபேசியில் வரைபடம் இருக்கிறது என்பாய். அங்குள்ள பாசிக்காட்டில் பத்தடி தள்ளி நிற்பவளே பனியில் தெரியமாட்டாள். தாய்லாந்துப் பட்டால் உலகப் புகழ் பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு மதியம், கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியே வெளியே நடந்தார். ராணுவம் தேடியது, போலீஸ் தேடியது, காட்டை வீடாகக் கொண்ட பூர்வகுடியினரும் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அவர் உளவாளி, கடத்திவிட்டார்கள் என்றெல்லாம் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். எனக்கு என்னவோ, ஒரு கிழவர் மதியத்தில் காட்டுப்பாதையில் கால் வைத்தார், அவ்வளவுதான் என்று படுகிறது.

ஆசை அடங்காமல் அடுத்த முறை ஈராவ் போனால், செமாய் மக்களில் அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள். பேசிய கூலியைக் குறைக்காதே. திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே நால்வரும் பேசி முடித்துவிடுங்கள். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் நியாயமாக யோசிப்பதில்லை. ஜீன்ஸ் போடாதே. நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் போதும்.

இந்த முறை பார்க்க வேண்டியது தேயிலை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்துக்குப் போ. கண்ணாடி மாடத்தில் தேநீர் குடித்துப் படம் எடுப்பதோடு நிற்காதே. நிரையில் வேலை செய்கிறவர்களைப் பார். இன்று பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். பழைய தமிழ்க் குடும்பங்கள் சில இன்னும் இருக்கின்றன. பிரிஞ்சாங் முருகன் கோவிலில் காலைப் பூசைக்கு நின்றால் அவர்களில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். முசிறி என்று சொல். அரை மணி நேரம் பேச்சு நிற்காது.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை நால்வரும் ஈப்போவுக்கு வாருங்கள். மெங்லெம்பு பக்கம் கிளேடாங் மலை 808 மீட்டர். உச்சிக் கோபுரம் வரை தார்ச்சாலை. காலையில் என் வயதுக்காரர்கள் கைத்தடியோடு ஏறுவார்கள். அந்தப் பையன்களையும் கூட்டி வா, நான் பார்க்க வேண்டும். நால்வரில் யார் மூச்சு வாங்குகிறார்கள், யார் காத்திருக்கிறார்கள், யார் தண்ணீர் கொண்டு வராமல் வந்திருக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். ஏறி இறங்கியதும் வீட்டில் இட்லி. வரும்போது தங்கும் அறையின் பெயர், பேருந்து நேரம், திரும்பும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வா. நேரம் போடாத தாளை வாங்கமாட்டேன்.

அன்புடன்,
அத்தை