கைதட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும்

பைக் ரேஸ் என்று சொன்னாலே எங்கள் தாம்பரத்தில் பெற்றோர்கள் முகம் மாறிவிடும். விடியற்காலையில் வெளிவட்டச் சாலையில் சைலன்சர் அலற, செருப்புக் காலோடு முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் பையன்கள்தான் அவர்களுக்கு நினைவு வருவார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் முறையான ரேஸ் என்ற ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. முடிச்சூர் வழியாக வெளிவட்டச் சாலையைப் பிடித்து, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 3.7 கிலோமீட்டர் நீளத்தில், 12 வளைவுகளோடு ஒரு டிராக் இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் அது. இந்த டிராக் வருவதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியவர்களும் இந்தக் கிளப்பினரே.

தேசிய சாம்பியன்ஷிப்பை அங்கே போய்ப் பார்த்தும், உலக பைக் பந்தயமான மோட்டோ ஜிபியை நண்பர்களோடு டிவியில் பார்த்தும் வளர்ந்த ரசிகன் நான். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு: கூட்டம் எதற்குக் கைதட்டுகிறதோ, அதைத்தான் கூட்டத்தில் நிற்கும் பையன் வெளியே போய்ச் செய்துபார்ப்பான். அதனால் ரசிகனின் சத்தத்துக்குப் பொறுப்பு இருக்கிறது. அந்தச் சத்தத்தைச் சரியான இடத்தில் எழுப்ப எனக்கு உதவியவற்றை இங்கே சொல்கிறேன்.

ஞாயிறு மட்டும் பார்க்காதீர்கள்

ரேஸ் வாரயிறுதி என்பது மூன்று நாள் கதை. மோட்டோ ஜிபியில் வெள்ளிக்கிழமை பயிற்சி. சனிக்கிழமை தகுதிச் சுற்று, பிறகு ஸ்பிரின்ட். ஞாயிற்றுக்கிழமை முழு ரேஸ். 2023இல் வந்த ஸ்பிரின்ட் பாதித் தூரம் ஓடும். வென்றவருக்கு 12 புள்ளி. ஞாயிறு வென்றால் 25. ஐரோப்பியச் சுற்றுகள் நமக்கு வசதியானவை. கோடையில் அங்கே மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ரேஸ், நமக்கு மாலை ஐந்தரைக்கு வரும்.

வெள்ளிக்கிழமையைப் பார்த்தவனும் பார்க்காதவனும் ஞாயிறன்று ஒரே ரேஸைப் பார்ப்பதில்லை. யாருக்கு எந்த டயர் ஒத்துவரவில்லை, யார் எந்த வளைவில் திரும்பத் திரும்பத் தடுமாறினார் என்பது தெரிந்திருந்தால், ஏழாவது இடம் வந்தவரின் சாதனைகூடப் புரியும். இல்லையென்றால் முதல் மூன்று பேரைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றவர்கள் என்று தோன்றும். ரசிகர்களின் கோபத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஒரே வளைவில் நில்லுங்கள்

இருங்காட்டுக்கோட்டைக்கு முதல்முறை வருகிறவர்கள் நேரோட்டத்தில்தான் நிற்க ஆசைப்படுவார்கள். பைக் ஒரு வினாடியில் கடந்துவிடும். செல்போனில் ஒரு கோடு மட்டும் மிஞ்சும். என்னோடு வரும் பெருங்களத்தூர் மெக்கானிக் ஒருவர், பக்கத்தில் செல்போனை நீட்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பையனிடம் சொன்னது எனக்கு மறக்காது.

“தம்பி, போறவன எதுக்குப் பாக்குற? வர்றவன் எங்க பிரேக் புடிக்கிறான்னு பாரு.”

“எல்லாரும் ஒரே எடத்துலதான புடிக்கிறாங்கண்ணே?”

“ரெண்டு லேப் பாத்துட்டு அப்புறம் சொல்லு.”

பையன் செல்போனைப் பையில் வைத்தான். நானும் கூர்ந்து பார்த்தேன். வளைவுக்கு முன்னால் தூரம் காட்டும் பலகைகள் இருக்கின்றன. ஒருவர் இரண்டாவது பலகையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து பிரேக் பிடிக்கிறார். பின்னால் வருகிறவர் அதையும் தாண்டி வந்து பிடிக்கிறார். பின்சக்கரம் லேசாக ஆடுகிறது. அடுத்த கணம் உடம்பு முழுக்க ஒரு பக்கம் இறங்கி, முட்டி தரையைத் தொட்டுக்கொண்டே போகிறது. அடுத்த லேப்பிலும் அதே இடம், அதே கோடு, ஓர் அடிகூட மாறவில்லை. அவர் ஒரு லேப்பில் சம்பாதித்தது ஒரு பைக் நீளம்கூட இருக்காது. மூன்றாவது லேப்பில் உள்பக்கம் நுழைந்து முந்தினார். “அண்ணே, இவரு அப்பவே ரெடி பண்ணிட்டாரு!” என்று பையன் கத்தினான். அந்த நாளில் நான் கேட்ட சத்தங்களில் மிகச் சரியானது அதுதான். வேகத்துக்குக் கைதட்ட வந்தவன், துல்லியத்துக்குக் கைதட்டினான்.

கொடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீரர்களோடு டிராக் பேசுவது கொடியால்தான். மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்குகிறது. நீலம் என்றால் ஒரு லேப் முந்திய வீரர் பின்னால் வருகிறார், வழிவிடு. ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடியை ஒரு வீரரின் எண்ணோடு காட்டினால், உன் வண்டியில் கோளாறு, டிராக்கை விட்டு வெளியே வா என்று பொருள். சிவப்பு, எல்லோரும் நிறுத்து. இது தெரியாதவர்கள்தான், மஞ்சள் கொடியில் வேகம் குறைத்த வீரரைப் பார்த்து “பயந்துட்டான்” என்று கூவுகிறார்கள். கீழே விழுந்துகிடக்கும் ஒருவரையும், அவரைத் தூக்க ஓடும் மார்ஷல்களையும் அந்த வீரர் காப்பாற்றியிருக்கிறார். கைதட்டல் அவருக்குச் சேர வேண்டியது. வெயிலில் நாள் முழுக்க வளைவோரம் நிற்கும் மார்ஷல்களுக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

விழுந்தால் செல்போனை இறக்குங்கள்

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் சுற்றில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விபத்தில் உயிரிழந்தான். அன்றும் மறுநாளும் மீதமிருந்த போட்டிகளை அமைப்பாளர்கள் ரத்து செய்தார்கள். இத்தனை சின்ன வயதில் போட்டியில் ஓட்டலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது; எழ வேண்டிய கேள்விதான். இந்த விளையாட்டை நேசிக்கிறவர்களே அதை உரக்கக் கேட்க வேண்டும்.

விபத்துக் காட்சியைப் படம்பிடித்து அனுப்பும் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. அந்தப் படம் குடும்பத்துக்குச் செய்தி போவதற்குள் தெருமுழுக்கப் போய்விடுகிறது. விழுந்தவர் எழுந்து கையை உயர்த்தும்வரை அமைதியாக இருங்கள். எழுந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டுங்கள்.

வீரரை வெறுக்காதீர்கள்

2015 அக்டோபரில் மலேசியாவின் செபாங்கில் மோட்டோ ஜிபி வீரர்கள் வாலண்டினோ ரோஸியும் மார்க் மார்க்கெஸும் மோதிக்கொண்டார்கள், மார்க்கெஸ் விழுந்தார். தண்டனையாக ரோஸி அந்த ஆண்டின் கடைசிப் போட்டியில் கடைசி வரிசையிலிருந்து கிளம்ப நேர்ந்தது. ஐந்து புள்ளி வித்தியாசத்தில் பட்டம் ஹோர்ஹே லொரென்சோவுக்குப் போனது. அதன்பிறகு பல ஆண்டுகள் மார்க்கெஸைப் பார்த்து ஊளையிட்டார்கள். எங்கள் பக்கத்திலும் ரோஸியின் மஞ்சள் தொப்பி ஒரு கட்சி, மார்க்கெஸின் 93ஆம் எண் இன்னொரு கட்சி என்று நண்பர்கள் பேசாமல் இருந்ததுண்டு.

2016 ஜூனில் கட்டலோனியாவில், வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் வீரர் லூயிஸ் சலோம் இறந்தார். அந்த ஞாயிறு ரோஸி வென்றார். இறங்கியதும் மார்க்கெஸும் அவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். டிராக்கில் உயிரைப் பணயம் வைக்கிறவர்களாலேயே அது முடிந்தது. சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற நம்மால் முடியாதா? உங்கள் வீரருக்காகத் தொண்டை கிழியக் கத்துங்கள். எதிராளி விழுந்ததற்காகக் கத்தாதீர்கள்.

நம்ம ஊர் பெயர்களைச் சொல்லிக் கத்துங்கள்

இத்தாலிய வீரர்களின் பிறந்த ஊர்வரை தெரிந்த பையன்களுக்கு, 2011இல் உலக சாம்பியன்ஷிப்பின் 125 சிசி பிரிவில் ஓட்டிய சென்னையின் சரத்குமாரைத் தெரிவதில்லை. ஆசியப் போட்டிகளில் ஓட்டிய ரஜினி கிருஷ்ணன், தேசியப் பட்டங்களைத் தொடர்ந்து வென்ற ஜெகன் குமார், பெண்கள் பிரிவில் ஆன் ஜெனிஃபர், ரிஹானா பீ என எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெண்கள் ரேஸை இடைவேளையாக நினைத்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பார்வையாளர் வரிசையில் நூறு பேர்தான் இருப்பார்கள் என்பதால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் காதில் விழும். வெற்றிச் சுற்றில் கையசைப்பார்கள்.

அங்கே போகும்போது வெயிலையும் நினைவில் வையுங்கள். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த மோட்டோ ஜிபியை, வெப்பம் காரணமாகவே 24 லேப்பிலிருந்து 21 ஆகக் குறைத்தார்கள். மார்கோ பெஸ்ஸெக்கி வென்றார். இரண்டாவது வந்த ஹோர்ஹே மார்ட்டின் முடித்தபோது துவண்டுபோயிருந்தார். நம் வீரர்கள் சென்னை வெயிலில் முழுத் தோல் உடையில் ஓட்டுகிறார்கள். நாம் பருத்திச் சட்டையில் இருந்தாலும் தொப்பி, தண்ணீர், குழந்தைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம் வேண்டும்.

திரும்பும் வழிதான் கடைசி லேப்

ரேஸ் முடிந்ததும் உடம்பில் ஒரு சூடு இருக்கும். கை தானாக ஆக்ஸிலரேட்டரை முறுக்கும். அதனால் நாங்கள் உடனே கிளம்புவதில்லை. டீ குடித்து, அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம். டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், விழுந்தால் உருள இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது. வெளிவட்டச் சாலையில் எதிர்த்திசையில் லோடு வண்டி வரும், மாடு குறுக்கே வரும்.

வேகத்தில் நிஜமாகவே ஆர்வமுள்ள பையன் உங்கள் தெருவில் இருந்தால், அவனைத் திட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரயிறுதி இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு வளைவில் நிறுத்தி, பிரேக் பிடிக்கும் இடத்தைக் காட்டுங்கள். இதே டிராக்கில் ஓட்டுப் பயிற்சி வகுப்புகள் நடப்பதையும் சொல்லுங்கள். தெருவில் அவனுக்குக் கிடைக்கும் கைதட்டலைவிடப் பெரிய கைதட்டல் எங்கே இருக்கிறது என்று அவன் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், அதைத் தேடித்தான் போவான்.