அரசியல் நிர்ணய சபையும் மக்கள் ஒப்புதலும்

பம்பாய் மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் 'ராஜகிருகம்' என்னும் இல்லம் உள்ளது. டாக்டர் அம்பேத்கர் தம் நூல்களையும் மனத்திற்கொண்டு கட்டிய வீடு அது. அவர் 1946-இல் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிவினையால் அவ்விடம் பறிபோகவே, 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வானார். இருமுறையும் வாக்களித்தோர் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களே. மாட்டுங்காக் கடைவீதியினரோ, தாராவித் தோல் தொழிலாளரோ நேரடியாக வாக்களிக்கவில்லை. அச்சட்டமன்றங்களும் வரி, சொத்து, கல்வித் தகுதி பெற்ற சிறுபான்மையினரின் வாக்குகளால் அமைந்தவை.

இத்தகைய சபை நாட்டு மக்களின் பெயரால் அரசியலமைப்பை நிறைவேற்றலாமா? நகல் சட்டம் 1948 நவம்பரில் விவாதத்திற்கு வந்ததுமே இவ்வினா எழுந்தது. ஐக்கிய மாகாணத்துச் சோஷலிஸ்டு உறுப்பினர் தாமோதர் ஸ்வரூப் சேத், வயதுவந்தோர் வாக்குரிமைப்படி புதிய சபையைத் தேர்ந்தெடுத்து, நகலை அதன் முன் வைக்கவேண்டும் என்றார். மௌலானா ஹஸ்ரத் மோகானியும் விவாதத்தை ஒத்திவைக்கக் கோரினார். இரண்டும் ஏற்கப்படவில்லை.

சேத்தின் கோரிக்கை புதுமையானதன்று. அமெரிக்க அரசியலமைப்பு மாநிலந்தோறும் கூடிய தனி மாநாடுகளின் ஒப்புதலைப் பெற்றே நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்து 1937-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தியது. ஆனால் இந்தியாவில் அப்போது வாக்காளர் பட்டியலே தயாராகவில்லை. அகதிகள் பிரச்சினையும் சமஸ்தானங்களின் இணைப்பும் தீராதிருந்தன. நகல் எட்டு மாதங்கள் பொதுமக்கள் பார்வையில் இருந்ததை அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். எனினும், எழுத்தறிந்தோர் மிகக் குறைவாயிருந்த நாட்டில் அந்த எட்டு மாதங்கள் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும் என்பது கேட்கத்தக்கதே.

அவருடைய வலுவான வாதம் 1949 நவம்பர் 25-ஆம் நாள் உரையில் வந்தது. குறை காண்போர் வயதுவந்தோர் வாக்குரிமைப்படி அமையும் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஆதரவைத் திரட்டினால் போதும். அதுவும் இயலாதெனில், அவர்தம் அதிருப்தியைப் பொதுமக்களின் அதிருப்தியாகக் கொள்ளவியலாது என்றார். ஒப்புதல் முன்கூட்டியே பெறப்படவேண்டியதில்லை, பின்னரும் சோதிக்கப்படலாம் என்பதே இதன் உட்பொருள். மறுநாள் சபை அரசியலமைப்பை ஏற்றது.

ஆனால் முதல் திருத்தம் அந்தத் தேர்தலுக்குக் காத்திருக்கவில்லை. சென்னை அரசின் வகுப்புவாரி ஆணையும், பம்பாயில் வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னையில் விதிக்கப்பட்ட தடையும் நீதிமன்றங்களில் செல்லாதவையாயின. அதையடுத்து 1951 ஜூனில் தற்காலிக நாடாளுமன்றமே, அதாவது பழைய சபையே, அரசியலமைப்பைத் திருத்தியது. முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில்தான் தொடங்கிற்று. வாக்காளர் ஏறத்தாழ 17 கோடி. அத்தேர்தலில் வடக்குப் பம்பாய்த் தொகுதியில் நின்ற அம்பேத்கர், காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1952-இல் அவர் மாநிலங்களவைக்குச் சென்றதும் பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளால்தான்.