விழாமல் நிற்கப் பழகுவோம்

பாரிசவாதம் வந்து மீண்டவர் தடுமாறினால், "விழுந்துபோவியள், இருந்த இடத்திலேயே இருங்கோ" என்கிறோம். அன்பினால் சொன்னாலும், அது அவரை மேலும் பலவீனமாக்கும். கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய 3ஐயும் மூளை சேர்த்துப் பார்ப்பதாலேயே நாம் விழாமல் நிற்கிறோம். தினமும் பழகுவது இழந்த சமநிலையை மீட்க உதவும்.

வைத்தியரிடம் கேட்டபின், பகல் வெளிச்சத்தில், அசையாத மேசைக்கு அருகில் தொடங்குவோம்.

1. உறுதியான கதிரையிலிருந்து மெதுவாக எழுந்து, மெதுவாக இருத்தல்: 5 தடவை.

2. மேசையைப் பிடித்தபடி, பாதங்களைச் சேர்த்து 10 செக்கன் நிற்றல்.

3. அது இலகுவானதும், ஒரு பாதத்தைச் சற்று முன்னே வைத்து 10 செக்கன் நிற்றல்.

துணைக்கு ஒருவர் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். சோர்ந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது; தோள்மூட்டு பழுதாகும். தலைசுற்றினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனே நிறுத்துவோம். முகம் கோணினால், பேச்சுக் குழறினால், தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம்.

கொட்டிலைச் சுற்றியுள்ள கயிறு, தடிகளை அகற்றி, மலசலகூடப் பாதைக்கு இரவில் விளக்கு வைப்போம்.

வயலுக்குப் போக முடியாவிட்டாலும், கோழிக்குத் தீன் போட அவர் தாமாகவே எழுந்து நடக்கட்டும்.