வீட்டில் இன்ஜின் பிரித்த தம்பிக்கு

அம்பாசடர் காரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், முதல் முறை பிரித்து மாட்டுகிறவருக்குத் தோதானது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே கிடக்கிறது. வால்வைத் திறப்பது புஷ்ராடு. கிராங்குக்கு மூன்றே மெயின் பேரிங். உத்தர்பாரா ஆலையில் 2014இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றுபோனாலும், இதைக் கையால் அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸ் வராண்டாவில் இப்படியோர் இன்ஜினைப் பிரித்து மாட்டிய இளைஞரின் குறிப்பேடுதான் இக்கடிதத்துக்குக் காரணம். இன்ஜினை இறக்குவது, ஸ்பானர் அளவு, டார்க் ரெஞ்ச் பிடிக்கும் விதம் ஆகியவை அவருக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

குறிப்பேடு ஜி.டி. நாயுடுவில் தொடங்குகிறது. இளவயதில் அவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்த கதையைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் யாரும் ஸ்பானரைத் தொடுவதில்லை. அதே நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கியவர். அதைச் சொல்லத்தான் ஆளில்லை. பிரிப்பதைக் குழந்தைகூடச் செய்துவிடும். காலையில் வண்டி கிளம்பியாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் மெக்கானிக் உருவாகிறார்.

பிரிக்கும் கட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டைப்பெட்டி மூடியில் எட்டுத் துளை போட்டு, எட்டுப் புஷ்ராடுகளையும் வரிசை மாறாமல் செருகி, டாப்பெட்டுகளுக்கும் அதே எண்ணை எழுதிவைத்திருக்கிறார். பெயர்பெற்ற பட்டறைகளிலும் காணக் கிடைக்காத ஒழுங்கு இது. ஓடி ஓடி டாப்பெட்டும் கேம் முனையும் ஒன்றோடொன்று இணைந்து தேய்ந்திருக்கும். இடம் மாறிப் போனால் புதிதாகத் தேயத் தொடங்கி கேம் முனை மழுங்கிவிடும். அந்த அட்டை மூடியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

அடுத்த பக்கத்தில்தான் எரிச்சல் ஆரம்பம். போரிங் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னால் பிளாக்கை விழுந்து விழுந்து கழுவியவர், திரும்பி வந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி பனியன் வேஸ்ட்டால் துடைத்ததோடு முடித்துக்கொண்டார். வேலை தலைகீழாக நடந்திருக்கிறது. போவதற்கு முன்பு இருப்பது எண்ணெய்ப் பிசுக்கும் கரியும். அதைப் பட்டறையிலும் கழுவுவார்கள். திரும்பி வரும்போது இருப்பது சாணைத்தூள். ஹோனிங் கல் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் கீறல்களுக்குள் அந்தத் தூள் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைத்துத் தூளைக் கீறலுக்குள்ளேயே விட்டுவிடும். அதை வெளியே எடுப்பவை சுடுதண்ணீரும் சோப்பும், கெட்டியான பிரஷ்ஷும்தான். கழுவிய சுவரை எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். முதலில் துணி சாம்பல் நிறமாக வரும்; திரும்பக் கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை இது தொடரும். வந்த உடனே எண்ணெய் தடவாவிட்டால், ஈரம் காய்வதற்குள் சுவரில் துரு பூக்கும்.

கிரைண்டிங் முடிந்து வரும் கிராங்கின் எண்ணெய்த் துளைகளுக்கும் பிளாக்கின் எண்ணெய் வழிகளுக்கும் இதே கதிதான். அடைப்பான்களைக் கழற்றி, நீள பிரஷ்ஷை உள்ளே விட்டு எடுக்காத பிளாக் கழுவாத பிளாக்.

மணல் என்ன செய்யும் என்று நெய்வேலிக்காரருக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி தென்பட்டது 1961இல். இடையில் அகற்றவேண்டியிருந்தது கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் எஃகுப் பற்கள் அந்த மேல்மண்ணில் மளமளவென்று தேய்ந்தன. அந்நாளைய ஆட்களுக்கு நிலக்கரியைவிடப் பல் மாற்றியதே பெரிய பேச்சாக இருந்தது. எஃகையே தின்ற மணல் இது. பேரிங் ஷெல்லின் மேற்பூச்சோ அதைவிடப் பல மடங்கு மென்மை. தூள் அதில் புதைந்துகொண்டு, சுழலும் கிராங்கை அரம்போல அறுக்கும். திறந்த பிளாக்கை ஆடிக் காற்றில் வராண்டாவில் மூடாமல் போட்டு வைத்திருக்கிறார் இளைஞர். ஒரு பிளாஸ்டிக் பைக்கா பஞ்சம்?

அளவெடுப்பதில் அவர் சரியாகவே நடந்திருக்கிறார். கிராங்க் பத்து தவ் இறங்கியிருக்கிறது, அதாவது 0.25 மி.மீ.; அதற்கேற்ற ஷெல்லை வாங்கியிருக்கிறார். ரிங்கை டப்பாவில் வந்தபடியே பிஸ்டனில் ஏற்றாமல், ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் தனியாக இறக்கி, ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பார்த்ததும் நல்லது.

மாட்டும்போது இன்னொரு தொல்லை: கேஸ்கட் பேஸ்ட். ஆயில் சம்ப்பைச் சுற்றிலும் கல்யாண வீட்டுச் சந்தனம்போல அப்பியிருப்பது குறிப்பேட்டிலுள்ள படத்திலேயே தெரிகிறது. வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்குவது காய்ந்து உதிர்ந்து, பம்பின் வலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்பக்க ஒழுக்குக்குப் பயந்து செய்திருக்கிறார். இந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புவது திருகுபோல வெட்டிய பள்ளம். கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி அதிகமாக ஒழுகும். சுத்தம் செய்யவேண்டியது அந்தக் குழாயை. பேஸ்ட் ஒரு மெல்லிய பூச்சு போதும். நல்ல கேஸ்கட்டுக்கு அதுகூட வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். பிளக்கை மாட்டி ஓடவிட்ட பிறகு வெறும் ஐட்லிங்கில் நெடுநேரம் நிறுத்திவைக்கக் கூடாது. ரிங் சுவரில் படிவதற்கு மிதமான பாரம் வேண்டும். வடலூர்வரை வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டிவந்தால் நல்லது. இன்ஜின் சூடாகி ஆறியபின் ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி இறுக்கி, டாப்பெட் இடைவெளியையும் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் 500 கி.மீ.யில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். இறக்கிய எண்ணெயை வெயிலில் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால், பிளாக் எவ்வளவு கழுவப்பட்டது என்பது தெரிந்துவிடும். மினுமினுப்பு கண்ணில் பட்டால் சம்ப்பைக் கழற்றி, ஒரு பேரிங் மூடியையாவது திறந்து பார்ப்பது அவசியம்.